பெரட்டுக்குச் சொன்ன பதில்

"வர்றாங்க! இந்தா வர்றாங்க!"

செல்லசாமி இப்படிக் கத்தத் தொடங்கினால் ஊசிக்கல் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் ஒவ்வொரு காம்பராவாகக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறவள்கூட எழுந்து தாழ்ப்பாள் போடுவாள். என்னமோ அவன் பின்னால் ஒரு படையே வருகிற மாதிரி! பத்து மாதமாக இதே கூத்து. இந்தப் பத்து மாதத்தில், யாரப்பா வருகிறது என்று அவனைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் பிரம்பை வைத்துக்கொண்டு கேட்டான். இன்னொருவர் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். பதில் வரும்வரை பொறுத்திருக்க இரண்டு பேருக்கும் நேரமில்லை.

செல்லசாமிக்கு இருபத்து நாலு வயது. தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டுகிற கவ்வாத்து வேலையில் அவன் கத்திக்கு அந்தத் தோட்டத்தில் ஈடு கிடையாது. மாசி மாதம் அவன் ஆத்தா பேச்சியம்மா ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது விழுந்து செத்துப்போனாள். கருமாதி முடிந்த மறுவாரம் அவன் கத்த ஆரம்பித்தான். நோர்வூட்டில் வாக்கப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்து, ஆத்தாவின் சாவுக்கு வந்த அக்கா ராக்காயி அவனை விட்டுவிட்டுப் போக முடியாமல் இங்கேயே தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து தங்கிவிட்டாள். அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான்.

பிரம்போடு வந்தவன் மாயாண்டி கோடாங்கி. பூண்டுலோயாவிலிருந்து வரவழைத்தார்கள். ஒரு சேவல், ஒரு வேட்டி, சாராயம், எல்லாம் ராக்காயி தலையில். உடுக்கையை அடித்துவிட்டு, செல்லசாமியின் முதுகில் பிரம்பால் விளாசிக்கொண்டே கேட்டான், "யாருடா வர்றது? சொல்லு! யாரு?"

"ஆத்தா... ஆத்தாதான் வர்றாங்க..."

அவ்வளவுதான். கோடாங்கிக்குக் கொண்டாட்டம். ஆத்தாக்காரிதான் பேயாய் வந்து பிள்ளையைப் பிடித்திருக்கிறாள் என்று சொல்லி இன்னும் நாலு போட்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் செத்துப்போன பேச்சியம்மாவை ஒரு சேவலுக்காகப் பேயாக்கிவிட்டுப் போனான் படுபாவி. போகும்போது ராக்காயியிடம் சொன்னான், "அவன் கத்துனா நீ பேச்சுக் குடுக்காத. பேச்சுக் குடுத்தா அது குடியேறிரும்."

தோட்டத்து டிஸ்பென்சர் மரியநாயகம் படித்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவரும் அதையே சொன்னார். "மருந்து குடிச்சிட்டுத் தூங்கட்டும். நீ ஒண்ணும் கேக்காத. கேட்டா கூடிரும்." கோடாங்கிக்கும் டிஸ்பென்சருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. இந்த விஷயத்தில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

ராக்காயியும் அதைத்தானே செய்தாள்? அவன் கத்தும்போதெல்லாம், "ஒருத்தரும் வரல, சும்மா கெடடா" என்று வாயைப் பொத்தினாள். அதை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு ஆறவே இல்லை.

பேனாவோடு கேட்டவர் மாதம் ஒருமுறை வருகிற டாக்டர். யாழ்ப்பாணத்து மனிதர். கெட்டவரில்லை. ஆனால் வாசலில் அறுபது பேர் நிற்கும்போது ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? அன்றைக்கு அவரிடம் செல்லசாமியைக் கொண்டுபோய் நிறுத்தியது சின்னத்தம்பி கங்காணி. "தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு. காலையில வந்து கத்தி ஆளுகளக் கலைக்கிறான். கொழும்புப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமாம், ஐயா ஒரு கடுதாசி குடுத்தாப் போதும்" என்றார். அந்த ஆஸ்பத்திரிக்கு இந்த மலையிலிருந்து மூன்று பேர் போயிருக்கிறார்கள். மூன்று பேரையும் அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

"ஆர் வருகினம்?" என்று கேட்டார் டாக்டர்.

"பெரட்டுக்கு வர்றாங்கய்யா."

"பிரட்டோ? ஆர் உன்னைப் பிரட்டுறது?"

செல்லசாமி திகைத்துப்போய்க் கங்காணியைப் பார்த்தான். டாக்டரும் கங்காணியைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே மரியநாயகத்திடம் சொன்னார், "ஆரோ பிரட்டுக்காரர் தன்னை ஏமாத்த வருகினம் எண்டு பயப்படுறான். வருத்தம் நல்லா முத்திப்போச்சு. அடுத்த மாசம் வரேக்க கடுதாசி தாறன். லொறிக்கு ஆயத்தம் பண்ணுங்கோ."

ஜன்னலுக்கு வெளியே நின்ற ராக்காயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரட்டுக்கும் பிரட்டுக்கும் என்ன சம்பந்தம்? "ஐயா, அவன் அதச் சொல்லல..." என்று வாயைத் திறந்தாள். மரியநாயகம் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.

மனசுக்குள் ஏசிக்கொண்டே லயத்துக்கு இறங்கினாள். பெரட்டு தெரியாத மனுஷனெல்லாம் தோட்டத்துக்கு ஒரு டாக்டர்! விடியற்காலையில் ஆளையெல்லாம் வரிசையில் நிறுத்தி, கங்காணி பெயர் கூப்பிட்டு, நீ இந்த மலை நீ அந்த மலை என்று பிரித்துவிடுகிற இடம் பெரட்டு. நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். கூப்பிட்டால் "வந்தேங்க" என்று சொல்ல வேண்டும். ஆள் இன்னும் வந்து சேராவிட்டால் வீட்டுக்காரர் யாராவது...

ராக்காயியின் கால் அப்படியே நின்றுவிட்டது.

ஆள் வந்து சேராவிட்டால் வீட்டுக்காரர் யாராவது அவர்களுக்காக, "வர்றாங்க, வர்றாங்க" என்று குரல் கொடுப்பார்கள்.

அடப்பாவிகளா! அவன் பயந்து கத்தவில்லை. அவன் பதில் சொல்கிறான். பத்து மாதமாக யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது செல்லசாமி தலையை வெடுக்கென்று மேட்டுப்பக்கம் திருப்பினான். "வர்றாங்க!" என்றான். ராக்காயி குடத்தைக் கீழே வைத்தாள். கோடாங்கி சொன்னதும் டிஸ்பென்சர் சொன்னதும் ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்தது. நாசமாய்ப் போங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"யாருடா கூப்பிடுறா?"

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். "ஒனக்கும் கேக்குதாக்கா?"

"எனக்குக் கேக்கல. ஒனக்குக் கேக்குதில்ல? அதான் கேக்குறேன். எங்கேருந்து?"

"மேலேருந்து. பெரட்டுக் களத்துலேருந்து."

"யாரு?"

"சின்னத்தம்பி கங்காணி."

"ஒன் பேரயா கூப்பிடுறாரு?"

"ஆத்தா பேர."

அவ்வளவையும் ஒரே நாளில் அவன் சொல்லிவிடவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் அவள் அவசரப்பட்டு, "கங்காணி அவரு வீட்டுல இருக்காருடா, அது அவரில்ல" என்று சொல்லித் தொலைத்தாள். இரண்டு நாள் அவன் வாயையே திறக்கவில்லை. புத்தி வந்தது அவளுக்கு. அதற்குப் பிறகு, இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தேயிலைச் சாயத்தண்ணியை ஊற்றி அவன் கையில் ஒரு கோப்பை கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். இன்னைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாரு? சத்தமாவா மெதுவாவா? ஏசுனாரா? பதில் சொல்லாட்டி என்ன ஆகும்? பக்கத்துக் காம்பரா அழகம்மா, "ஒனக்கும் பிடிச்சிருச்சாடி?" என்று கேட்டாள். "ஆமா, பிடிச்சிருச்சு, நீ போய்க் கதவச் சாத்து" என்றாள் ராக்காயி.

ஒன்பதாம் நாள் அவன் முழுவதையும் சொன்னான்.

அந்த மாசி மாதம் ஆத்தாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் ஆத்தா எழுந்திருக்கவில்லை. பெரட்டில் கங்காணி கூப்பிட்டார், "பேச்சியம்மா!" பதில் இல்லை. "எங்கடா ஒங்காத்தா? இன்னைக்கும் வராட்டிப் பேரு வெட்டிருவேன்." பேர் வெட்டினால் வேலை போகும், காம்பராவும் போகும். செல்லசாமி பயந்துபோய், "வர்றாங்க, வர்றாங்க" என்றான். லயத்துக்கு ஓடினான். ஆத்தாவை எழுப்பினான்.

"நான் சொல்லிட்டேனாத்தா, எந்திரின்னேன். நீ சொன்ன சொல்லு பொய்யாப் போயிரக் கூடாதுய்யான்னு சொல்லி, கம்பளியப் போத்திக்கிட்டு ஏறுனாங்கக்கா. படியில ரெண்டு தடவ ஒக்காந்தாங்க. நான்தான் கையப் பிடிச்சுத் தூக்குனேன்."

ராக்காயி அழவில்லை. அழுதால் அவன் நிறுத்திவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரியை மலைக்கு ஏற்றியவன் இரண்டு வேளையும் தின்றுவிட்டு நிம்மதியாய்த் தூங்குகிறான். கைகொடுத்துத் தூக்கிய பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

"இனிமே அவரு கூப்பிட்டா, காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டாங்கன்னு சொல்லிப் பாரேன்" என்றாள்.

"பேரு வெட்டிருவாங்களேக்கா."

"செத்தவங்க பேர என்னத்தடா இனி வெட்டுறது?"

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு சிரித்தான். பத்து மாதத்தில் முதல் சிரிப்பு. அது எங்கேயோ பாதியில் அழுகையாக மாறியது, அது வேறு. ஆனால் சிரித்தான்.

குரல் போய்விட்டதா என்றால், இல்லை. தினமும் கேட்டது. ஆனால் கூப்பிட்டதும் கத்திக்கொண்டு ஓடுகிறவன், இப்போது இருந்த இடத்திலேயே குனிந்து, வாய்க்குள்ளேயே, "காய்ச்சல்... வரமாட்டாங்க" என்று முணுமுணுத்தான். சில நாள் பழையபடி கத்தவும் செய்தான். அன்றைக்கெல்லாம் ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

அடுத்த மாதம் டாக்டர் வந்தார். மேசைமேல் கடுதாசி. கங்காணி கதவோரம். லாரி மறுநாளைக்குச் சொல்லியாகிவிட்டது. ராக்காயி யாரும் கூப்பிடாமலே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வெளிய நில்லு புள்ள" என்றார் மரியநாயகம்.

"நிக்க மாட்டேங்க. ஐயா, எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. பெரட்டுன்னா என்னங்க?"

டாக்டர் நிமிர்ந்தார். "பிரட்டு எண்டால் பொய். ஏமாத்து."

"அது ஒங்க ஊருல. இங்க காலையில பேரு கூப்பிடுற எடந்தான் பெரட்டு. நாங்க இருநூறு பேரு தெனமும் அதுல நிக்கிறோம். ஏழு வருஷமா வர்றீங்க, இந்த ஒரு வார்த்த ஒங்களுக்குத் தெரியல. தெரியாத வார்த்தைக்காக என் தம்பிய லொறியில ஏத்தப் பாக்குறீங்களே, இது அடுக்குமா?"

டாக்டரின் முகம் சிவந்தது. ஏசப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அவனுக்குச் சத்தம் கேக்குதுங்க. இல்லேன்னு நான் சொல்லல" என்றாள் அவள், குரலை இறக்காமல். "அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க. கேட்டுட்டு எழுதுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துச் செல்லசாமியை உட்காரச் சொன்னார். வாசலில் அறுபது பேர் நிற்க, செல்லசாமி திக்கித் திக்கிச் சொன்னான். காய்ச்சல், பெரட்டு, "வர்றாங்க", படிக்கட்டு, ஏழாம் நம்பர் மலை, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தபோது அவன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"பைத்தியம் ஒளறுறதப் போயி..." என்று ஆரம்பித்தார் கங்காணி.

"நீர் அண்டைக்கு அந்த மனிசியின்ர பேரைக் கூப்பிட்டனீரோ இல்லையோ?" என்று கேட்டார் டாக்டர்.

"தெனம் இருநூறு பேரக் கூப்பிடுறேங்க. எத ஞாபகம் வச்சிக்கிறது?"

"என் தம்பி ஞாபகம் வச்சிருக்கான்" என்றாள் ராக்காயி. "அதுக்குத்தான் அவனப் பைத்தியம்ங்கிறீங்க."

டாக்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. படித்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் கேட்டுவிடுவார்களா? கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒரு மாசம் தாறன். ஒவ்வொரு நாளும் பெரட்டில நிண்டு தன்ர பேருக்குப் பதில் சொல்லவேணும். ஒரு நாள் கத்தினாலும் அனுப்பத்தான் வேணும். கங்காணி எனக்குச் சொல்லுவார்" என்றார். பெரட்டு என்று அவர் சரியாகச் சொன்னதை ராக்காயி கவனித்தாள். ஆனால் பார்த்துச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஆளைப் பாருங்கள்!

செல்லசாமி இருபத்தொன்பது நாள் நின்றான். கூப்பிட்டதும், "வந்தேங்க" என்றான். காதுக்குள் இன்னொரு குரல் கூப்பிட்டபோதெல்லாம் பக்கத்து வரிசையில் நின்ற அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான். கங்காணி அவன் பெயரை வேண்டுமென்றே கடைசியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு நாள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவன் அசையவில்லை.

முப்பதாம் நாள் விடியும்போது ராக்காயிக்கு உடம்பு கொதித்தது. நான்கு நாளாக மழையில் நனைந்தது பழிவாங்கிவிட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. செல்லசாமி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"நீ முன்னால போ. நான் வந்துர்றேன்" என்றாள்.

"படுத்துக்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் போனான்.

எப்படிப் படுப்பாள்? பிடித்துக்கொள்ள முந்தானை இல்லாமல், காய்ச்சல்காரியை வீட்டில் விட்டுவிட்டு, அதே களத்தில், அதே கங்காணிக்கு முன்னால் அவன் நிற்கப் போகிறான். இன்றைக்குக் கத்தினால் எல்லாம் போச்சு. கம்பளியைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். படியில் ஏறினாள். ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆத்தாவும் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

மேலே களத்தில் பெயர் கூப்பிடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"செல்லசாமி!"

"வந்தேங்க."

"ராக்காயி!"

சத்தமில்லை.

"ராக்காயி! எங்கடா ஒங்கக்கா?" கங்காணியின் குரலில் ஒரு குஷி ஏறியது. "வர்றாங்களா? சொல்லுடா, வர்றாங்களா?"

அந்த வார்த்தையைத் தெரிந்தேதான் போடுகிறான் பாவி! ராக்காயி கல்லைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. இந்நேரம் அவன் காதில் இரண்டு கங்காணிகள் கூப்பிடுவார்கள், ஒருவர் இருக்கிறவர், ஒருவர் இல்லாதவர். "சொல்லிராதடா, சாமி, சொல்லிராத" என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

"அக்காவுக்குக் காய்ச்சல்!"

மலை முழுவதும் கேட்கிற குரல்.

"இன்னைக்கு வரமாட்டாங்க!"

"பேர வெட்டிருவேன்டா."

"வெட்டுங்க. காய்ச்சல். வரமாட்டாங்க."

இருநூறு பேர் நிற்கிற களம் அது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அழகம்மாதான். பத்து மாதம் கதவைச் சாத்தியவள். "காய்ச்சல்னுதான் சொல்றான்ல? செல்லசாமி நல்லாத்தான் பதில் சொல்றான், அதையும் டாக்டரய்யாகிட்டச் சொல்லுங்க. அடுத்த பேரக் கூப்பிடுங்க கங்காணி, விடியுது."

கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரோ "வந்தேங்க" என்றார்கள்.

ராக்காயி அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அன்றைக்குப் பல்லைக் கடித்து அடக்கிய அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள். ஒரு வார்த்தை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல விட்டிருந்தால் ஆத்தா இருந்திருப்பாள். மழை தூற ஆரம்பித்தது. அவள் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கி, காம்பராவுக்குள் போய், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.